பிரேதம் பெற்றுக்கொண்டவர்

தாலுகா ஆபீஸ் பின்கட்டில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ரெக்கார்டு ரூமில், ஆரோக்கிய செல்வி அந்த வரியைப் படித்ததும் ஃபைலை மூடிவிட்டாள். பிறகு மறுபடி திறந்தாள். ‘பெண்ணையாற்றில் ஒதுங்கிய ஆண் பிரேதம். வயது சுமார் நாற்பது. முகம் அடையாளம் காண இயலாத நிலை. கழுத்தில் கருப்புக் கயிற்றில் செப்புத் தாயத்து ஒன்று. முஸ்லிம் எனத் தெரிகிறது. இடது முழங்காலுக்குக் கீழே தையல் போட்ட பழைய தழும்பு.’ தாயத்து ஊரில் பாதிப் பேர் கழுத்தில் தொங்கும், அதை விடுங்கள். அந்தத் தழும்பை அவளுக்குத் தெரியாதா? கரிக்கலாம்பாக்கம் சிமெண்ட் கடையில் லோடு இறக்கும்போது அவள் புருஷன் பவுல்ராஜ் லாரி மேலிருந்து விழுந்து, தகரம் கிழித்த கால் அது. தையல் பிரித்த அன்றைக்கு நர்சம்மாவையே கலங்கடித்த மனுஷன். அந்தக் கால்தான் இங்கே நாலு வார்த்தையாக மஞ்சள் காகிதத்தில் கிடந்தது.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், இந்தப் பிரேதத்தைப் பற்றி அவள் படிப்பது இது முதல்முறை இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், காணாமல் போன புருஷனைப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில், தமிழ்நாட்டுப் பக்க ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை அவள் பார்த்திருக்கிறாள். ‘முஸ்லிம் ஆண்’ என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. நம்ம ஆளு இல்லை என்று அடுத்த நோட்டீஸுக்குப் போய்விட்டாள். அடுத்ததிலும் இல்லை. மனசுக்குள் ஒரு ஆறுதல்கூட வந்தது அன்றைக்கு.

அந்தத் தாயத்தைக் கட்டவைத்ததே அவள்தான். லாரியிலிருந்து விழுந்த பிறகு பவுல்ராஜ் தூக்கத்தில் அலறி எழ ஆரம்பித்தான். டாக்டர் மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று ஒரு வியாழக்கிழமை தர்காவுக்குக் கூட்டிப்போனாள். ஹஜரத் ஓதி ஊதி, கயிற்றில் தாயத்து கட்டி அனுப்பினார். அலறல் நின்றதோ இல்லையோ, அவளுக்குத் தூக்கம் வந்தது. ஆனால் இது வெளியே தெரியக்கூடாது. கொழுந்தன் ஆரோக்கிய பிரகாஷ் பங்குக் கோயில் உபதேசியார். தெரிந்தால் பங்குச் சாமியார் காது வரைக்கும் போகும். சட்டைக் காலருக்குள்ளே தள்ளிவிட்டுத்தான் பவுல்ராஜ் பூசைக்கே வருவான்.

வெள்ளம் வந்த அந்தக் கார்த்திகையில், கடையிலிருந்து பாகூர் பஸ் ஏறினவன் வீடு திரும்பவில்லை. மூன்றாம் நாள் புகார் கொடுக்கப் போனார்கள். கொழுந்தன்தான் எழுதினார். சட்டை நிறம், லுங்கி நிறம் எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர், “கழுத்துல இன்னா போட்டிருந்தாரு அண்ணி?” என்றார். அவளுக்கு வாய் எப்படி வந்ததோ, “ஜெபமாலை” என்றாள்.

அவ்வளவுதான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி போலீஸ் ஜெபமாலை போட்டவனைத் தேடியது. அந்தப் பக்கம் தமிழ்நாடு போலீஸ் தாயத்து போட்டவனுக்கு ஆள் வரவில்லை என்று ஃபைலைக் கட்டியது. நடுவில் பெண்ணையாறு, ஒரு தரைப்பாலம். மாடு மேய்க்கிறவன் ஒரு நாளைக்கு நாலு தடவை கடக்கிற தூரம். காகிதம் மட்டும் கடக்கவில்லை. ஊர் என்ன சும்மா இருந்ததா? கேரளாவுக்கு ஓடிட்டான், அங்கே ஒருத்தியை வைத்திருக்கிறான், கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் பண்ணினவர்கள்கூட உண்டு. மகள் ஏஞ்சல் மேரி பள்ளிக்கூட விண்ணப்பத்தில் ‘தந்தை’ என்ற இடத்துக்கு வந்தால் பேனாவை நிறுத்திவிட்டு அம்மா முகத்தைப் பார்ப்பாள். செல்வி வேறு எங்காவது பார்ப்பாள்.

அப்புறம்தான் வில்லியனூரில் வக்கீல் அம்சவள்ளியிடம் டைப் அடிக்கச் சேர்ந்தாள். ஏழு வருஷம் முடிந்ததும் இறந்ததாக அறிவிக்கச் சொல்லி கோர்ட்டில் கேட்கலாம் என்று ஆரம்பித்துவைத்ததும் வக்கீலம்மாதான். “தேடினோம்னு காட்டணும் செல்வி. அந்த மாசத்துல அக்கம்பக்கத்து ஸ்டேஷன் எல்லையில கெடச்ச அனாதைப் பொணம் ஃபைல் எல்லாம் ஆத்துக்கு அந்தாண்ட தாலுகா ஆபீஸ்ல இருக்கும், ஒரு தரம் பாத்துட்டு வந்துடு. சும்மா ஒரு பேருக்கு” என்று அனுமதி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பேருக்குப் பார்க்கப் போன இடத்தில்தான் இது.

விஷயத்தைக் கேட்டு வக்கீலம்மா சேரை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். செல்வி கொண்டுவந்த பிரேதப் பரிசோதனைத் தாள் நகலில் பாதி இடம் நிரப்பாமலே விட்டிருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வக்கீலாகவே பேசினார். “குழியைத் தோண்ட ஆர்டர் கேக்கணும். டெஸ்ட் எடுக்கணும், உன் பொண்ணு ரத்தம் குடுக்கணும். பொணத்தை வாங்கினவன் எவனோ அவன் வந்து இடத்தைக் காட்டணும். அவன் வரலைன்னா வருஷக்கணக்குல இழுக்கும்.”

ஃபைலின் கடைசித் தாளில் அது இருந்தது. ‘பிரேதம் பெற்றுக்கொண்டவர்: காஜா மொய்தீன், த/பெ அப்துல் கபூர், மளிகைக் கடை.’ கீழே நிதானமான ஒரு கையெழுத்து. விலாசத்துக்குப் போனால் அங்கே இப்போது செல்போன் கடை. அந்த ஆளை எங்கே தேடுவது? செல்விக்குக் காகிதத்தில் தேடத்தான் தெரியும்; கோர்ட் ஃபைல்களைப் புரட்டினாள். அதே பேரும் அதே தகப்பன் பேரும் ஒரு திருட்டுக் கேஸில் சாட்சியாக வந்தது. அதிலும் அதே பழைய விலாசம்தான். அதில் கூடவே கையெழுத்துப் போட்டிருந்த மெக்கானிக் ஒரு விபத்துக் கேஸில் வந்தார். அந்த விபத்து ஃபைலைப் புரட்டினால், அடிபட்டவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டவர் என்று காஜா மொய்தீன், பாகூர் பஜார். எங்கே யார் விழுந்தாலும் இந்த மனுஷன் தூக்க நிற்கிறாரே என்று அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஏன் எரிச்சல் என்று அவளுக்கே புரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் போனாள். சின்ன மளிகைக் கடைதான். வெள்ளைத் தாடியும் மூக்குக் கண்ணாடியுமாக ஒருவர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவள் போகிற வரைக்கும் நின்றாள்.

“இன்னாம்மா வேணும்?”

“பாய், ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஆத்துல கெடச்ச ஒருத்தர நீங்க வாங்கி அடக்கம் பண்ணீங்க. தாயத்து போட்டிருந்தாரு.” ஃபைல் நகலை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். “அது என் வூட்டுக்காரரு. நாங்க மாதா கோயில்காரங்க.”

அவர் தராசுத் தட்டைக் கீழே வைத்தார். கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு, “உள்ள வாங்க” என்றார். பின்னால் வீடு. மனைவி பரிதாவிடம் இரண்டே வார்த்தை சொன்னார். அந்தம்மா செல்வியின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போகிற வரைக்கும் அதை யாரும் தொடவில்லை.

“எனக்குத் தெரியும்மா” என்றார் காஜா மொய்தீன்.

“இன்னா தெரியும்?”

“நம்ம ஆளு இல்லைன்னு. போலீஸ் தாயத்தைப் பாத்துட்டு ஜமாத்துல சொல்லிவுட்டாங்க, நான் போய் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கினு வந்தேன். மய்யித்தைக் குளிப்பாட்டறப்போ…” அவர் பெண்பிள்ளை முன்னால் சொல்லத் தயங்கி, தரையைப் பார்த்தார். “குளிப்பாட்டறவனுக்குத் தெரிஞ்சிடும்மா. சுன்னத் ஆகல. கூட தண்ணி ஊத்தினவருக்கும் தெரியும், அவரு மௌத்தாயிட்டாரு. இப்ப எனக்கு மட்டுந்தான்.”

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். “அப்பவே போலீஸ்ல சொல்லல?”

“சொன்னா திருப்பி எடுத்துக்கினு போயிடுவாங்க. ஆஸ்பத்திரி பின்னால குழி வெட்டி தள்ளிடுவாங்க, ஒரு துணி இருக்காது. நான் அதப் பாத்திருக்கேன். பாதி தண்ணி ஊத்திட்டேன்மா. ஊத்தினதுக்கப்புறம் எப்படித் திருப்பிக் குடுக்கறது?”

“நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா” என்று ஆரம்பித்தவளுக்குக் குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே சொல்லி முடித்தாள். “அந்த நோட்டீஸ்ல முஸ்லிம்னு இருந்திருக்காது. நான் படிச்சிருப்பேன். ஆறு வருஷம் பாய். ஒவ்வொரு பஸ்ஸுலயும் எறங்கறவன பாத்துக்கினு நின்னேன். என் பொண்ணு அவள வுட்டுட்டு அப்பா ஓடிட்டாருன்னு நெனச்சிக்கினு வளந்துட்டா.”

“அவரு கெட்ட எண்ணத்துல செய்யலம்மா” என்றாள் பரிதா மெதுவாக.

“நீ சும்மா இரு” என்றார் அவர். பிறகு செல்வியைப் பார்த்து, “ஆமா. தப்புதான்” என்றார். அதற்கு மேல் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் அப்படிச் சொன்னதும், ஜெபமாலை என்று சொன்ன தன் வாய் அவளுக்கு ஞாபகம் வந்தது. இவர் ஒரு வார்த்தையை மறைத்தார், அவள் ஒரு வார்த்தையைச் சேர்த்தாள். அவர் பிணத்துக்காக மறைத்தார், அவள் எதற்காகச் சொன்னாள்? உபதேசியார் முகம் கோணுமே என்று. இதை அவள் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது, ஆனால் பயமாக இருந்தது.

மனுப் போடப்போவதைச் சொன்னாள். அவரைச் சாட்சியாக வரச் சொல்வார்கள், குழியைத் தோண்டுவார்கள், ஜமாத்தில் கேள்வி வரும் என்று வக்கீலம்மா சொன்னதையெல்லாம் ஒப்பித்தாள். தோண்டி எடுத்துக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் வைத்தால்தான் மகளுக்கு அப்பா இருக்கிற இடம் என்று ஒன்று காட்ட முடியும், அதற்காகத்தான் வந்தாள்.

“வரேன்” என்றார். “தெரிஞ்சே வச்சேன்னு ஜமாத்துல கொஞ்சம் பேசுவாங்க. பேசட்டும். எனக்கோசரம் நீங்க பாக்காதீங்க. உங்க ஆளு, உங்க இஷ்டம்.” எழுந்து கடைச் சாவியை எடுத்தார். “அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போங்களேன்.”

மூன்று பேரும் ஆட்டோவில் போனார்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் இல்லை. மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாலம் முடிந்து ஒரு புளியமரம் தாண்டினால் கபர்ஸ்தான், ஜமாத்தார் அடக்கம் பண்ணுகிற இடம், முழங்கால் உயரச் சுவர். பெண்கள் உள்ளே போகாத வழக்கப்படி பரிதா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். செல்வியும் அவளோடு நிற்கப் பார்த்தாள். “நீங்க வாங்க” என்று காஜா மொய்தீன் முன்னால் நடந்தார்.

வடகிழக்கு மூலை. கல் கிடையாது, பேர் கிடையாது. தாழ்ந்துபோன ஒரு மேடு, தலைமாட்டில் மருதாணிச் செடி. செடியைச் சுற்றிப் பாத்தி கட்டி, யாரோ தண்ணீர் விட்டு வந்திருந்தார்கள். யார் என்று கேட்கவேண்டியதில்லை. அழுகை வரும் என்று நினைத்துத்தான் அவள் வந்தாள். வரவில்லை. இவ்வளவு பக்கத்திலா இருந்தே என்றுதான் தோன்றியது. பாகூரிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

“எங்க கோயில்ல பேரு சொல்லி ஜெபிப்பாங்க பாய்” என்றாள். “நீங்க இன்னா பேரு சொல்லி அடக்கம் பண்ணீங்க?”

“அடக்கிட்டு எல்லாரும் எழுந்து போனப்புறம், தலைமாட்டுல ஒருத்தர் உக்காந்து மய்யித்தைக் கூப்பிட்டுப் பேசறது ஒண்ணு இருக்கும்மா. பயப்படாத, இன்னின்ன கேள்வி வரும், இப்படிப் பதில் சொல்லுன்னு. தாய் பேரச் சொல்லித்தான் கூப்பிடணும். இன்னாரோட மகனேன்னு.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தாய் பேரு தெரியலைன்னா, ஹவ்வாவோட மகனேன்னு கூப்பிடுவோம். எல்லாருக்கும் ஆதித் தாய் அவங்கதானே. அப்படித்தான் கூப்பிட்டேன்.”

“ஏவாள்” என்றாள் செல்வி.

“ஆமா, நீங்க அப்படிச் சொல்வீங்க.”

எத்தனை மனு, எத்தனை பிரமாணப் பத்திரம் டைப் அடித்திருக்கிறாள். எல்லாவற்றிலும் தகப்பன் பேரைத்தான் கேட்டார்கள். இதுவரைக்கும் ஒரு ஆபீஸிலும் யாரும் அவளிடம் தாய் பேரைக் கேட்டதில்லை.

“லூர்தம்மாள்” என்றாள். “அவரு அம்மா பேரு லூர்தம்மாள்.”

காஜா மொய்தீன் செருப்பைக் கழற்றினார். முட்டியில் கை ஊன்றி, சிரமப்பட்டு, தலைமாட்டில் உட்கார்ந்தார். மண்ணை உள்ளங்கையால் ஒரு தடவை தடவி, “லூர்தம்மாளோட மகனே” என்று கூப்பிட்டார். பக்கத்து அறையில் படுத்திருக்கிறவனைக் கூப்பிடுகிற குரல்தான். அப்புறம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “அவரு பேரு?”

புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. கோர்ட் காகிதத்தில் அடித்ததோடு சரி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் எதிரில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

“பவுல்ராஜ்” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி மண் பக்கமாகக் குனிந்தார். இந்தத் தடவை அரபு இல்லை, ஓதல் இல்லை.

“லூர்தம்மாளோட மகனே, பவுல்ராஜு. உன் வூட்டம்மா வந்திருக்குதுப்பா.”

செல்வி கால்மாட்டில் குந்தினாள். வெயிலில் காய்ந்த மண் கை வைத்ததும் சுட்டது. அவள் கையை எடுக்கவில்லை.