எட்டுக் கோப்பைக் குடுவை

தையல்காரர் வீட்டுக் காபிக் குடுவை இரண்டு கோப்பைதான் பிடிக்கும். பொடியைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் ஊறவிட்டு, மூடியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை உள்ளங்கையால் அழுத்த வேண்டும். கம்பியின் நுனியில் உள்ள சல்லடை இறங்க, சக்கை அடியில் தங்கும். தம்பி குடும்பத்தையும் சேர்த்து வீட்டில் ஐந்து பேர். ஆகவே அவர் மனைவி தினமும் காலையில் மூன்று ஈடு போடுவாள். கடைசி ஈடு, பஸ் ஓட்டும் தம்பிக்கு.

"அண்ணி, பஸ்ஸே வந்துடும் போல, உங்க காபி வர மாட்டேங்குது."

"உங்க பஸ்ஸைவிட என் காபி நேரத்துக்கு வருதுன்னு ஊரே சொல்லுது."

இரண்டு வருடமாக அவள் விரல்களில் பலம் குறைந்துகொண்டே வந்தது. மாத்திரை நோயின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமையலும் துவைப்பதும் ஓரகத்தியிடம் போயின. பட்டன் போட முடியாமல் அவள் தவிப்பதைப் பார்த்து, அவள் ரவிக்கைகளில் எல்லாம் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பட்டை தைத்துக் கொடுத்தவர் தையல்காரர்தான். காபியை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

"பெரிசா ஒண்ணு வாங்கிடலாமா? ஒரே தடவையில வேலை முடிஞ்சுடும்," என்றார் ஒருநாள்.

"எதுக்குங்க? இதே போதும்."

"மூணு தடவை நிக்கிறியே, கால் வலிக்காதா?"

"காலுக்கு ஒண்ணும் இல்லை."

சிக்கனம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். கடையில் எட்டுக் கோப்பைக் குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியின் கனத்தைத் தட்டிப் பார்த்தார். அலமாரித் தட்டில் நிற்குமா என்று இடுப்பிலிருந்த டேப்பை எடுத்து உயரம்கூட அளந்தார். வாங்கிவிட்டார்.

மறுநாள் காலை ஐந்து கோப்பைகள் வரிசையாக இருந்தன. "டைம்டேபிள் மாத்தியாச்சா அண்ணி?" என்று சிரித்துக்கொண்டே தம்பி வந்து உட்கார்ந்தான். அவள் வலது உள்ளங்கையைக் கம்பியின் மேல் வைத்தாள். பெரிய குடுவையின் சல்லடை அகலம்; கம்பி இறங்கவில்லை. இடது கையையும் மேலே வைத்தாள். பிறகு முழங்கையை ஊன்றி உடம்பையே சாய்த்தாள். தையல்காரர் எழுந்து வருவதற்குள் குடுவை சறுக்கிவிட்டது. தம்பி அவளைப் பிடித்து இழுத்தான். அதற்குள் முன்கை முழுவதும் கொதிக்கும் காபி, தரையெல்லாம் கண்ணாடி.

ஓரகத்தி தண்ணீர் ஊற்ற ஊற்ற, அவள் அழாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னதுல எத்தனை தடவை வேணா போடுவேங்க. இதுல ஒரு தடவைகூட முடியாது. அதை எப்படி வாய்விட்டுச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

ஒட்டுப்பட்டை தைத்த மனிதர், அலமாரியை அளந்தவர், அந்தக் கையை அளக்காமல் விட்டுவிட்டார். அன்பு இருந்தால் மட்டும் போதாது, ஆண்டவனே, கண்ணும் வேண்டும்.

தம்பி தரையில் மண்டியிட்டு, ஈரத்துணியால் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தான். அன்று வேலைக்கு நேரமாகிவிட்டது; அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. புண் ஆறி அவள் மறுபடி அடுப்படிக்கு வந்த நாளிலிருந்து கால்மணி நேரம் முன்னதாகவே எழுந்தான்.

"மூணாவது ஈடுதானே எனக்கு? மெதுவா வரட்டும் அண்ணி."

சில மாதங்கள் போயின. ஒரு காலையில் சின்னக் குடுவையின் கம்பியும் இறங்கவில்லை. கையை அதன் மேல் வைத்தபடி அவள் வெகுநேரம் நின்றாள். தையல்காரர் பக்கத்தில் வந்து, அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். கம்பி இறங்கியது.

"இன்னிக்கு யாரு போடுறது? கசக்கப் போகுதே," என்றான் தம்பி, குனிந்த தலை நிமிராமல்.

"நான்தான். பிடிக்கலைன்னா பஸ் ஸ்டாண்டுல போய்க் குடிங்க."

தையல்காரரின் உள்ளங்கைக்கு அடியில் அவள் கை சில்லென்று கிடந்தது. அவர் கையை எடுக்கவில்லை. அடுத்த ஈட்டுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.