மாற்று வேட்பாளர்

இனிகோவைக் கண்டால் வில்பிரட்டுக்கு வயிறு எரியும். வெளியே தெரியாது, பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருப்பான். இருவரும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், துறைமுகத் தொழிற்சங்கத்தில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். சங்கத்து மனுக்களையெல்லாம் ராப்பகலாக எழுதியவன் வில்பிரட். அதை மேடையில் வாசித்துக் கைதட்டு வாங்கியவன் இனிகோ. கட்சிக்குக் கைதட்டுதானே காதில் விழும்! எழுபத்தியொன்றில் சட்டமன்றத்துக்கு நிற்க இனிகோவைக் கூப்பிட்டார்கள்.

வில்பிரட்டுக்கும் ஒன்று கொடுத்தார்கள்: மாற்று வேட்பாளர். முதல் வேட்பாளரின் மனு ஏதாவது கோளாறில் தள்ளுபடியானால் கட்சிக்கு ஆள் வேண்டுமே, அதற்காக இவனும் ஒரு மனு கொடுத்து வைக்க வேண்டும். அவன் மனு ஏற்கப்பட்டதும் இவன் தன்னுடையதை வாபஸ் வாங்கிக்கொண்டு சுவரொட்டி ஒட்டப் போய்விட வேண்டும். வாங்கினான், ஒட்டினான். இனிகோ எம்.எல்.ஏ. ஆகி மெட்ராஸ் ரயில் ஏறினபோது பெட்டியைத் தூக்கி வைத்தவனும் வில்பிரட்தான். "பத்திரமா வச்சியாலே?" என்று இனிகோ கேட்டதை அவன் ஆறு வருஷமாக மறக்கவில்லை.

எழுபத்தேழில் மறுபடி தேர்தல் வந்தது. இந்தத் தடவை ஊரில் இனிகோவுக்குப் பேர் சரியில்லை. உப்பளத்துப் பக்கம் குடிதண்ணீர்க் குழாய் வருகிறது வருகிறது என்று சொன்னதோடு சரி. பெண்கள் குடத்தோடு அவன் வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனார்கள். டீக்கடையில், "இந்த மட்டம் இனிகோ தேறமாட்டான்" என்று பகிரங்கமாகவே பேசினார்கள். அப்படியும் கட்சி அவனுக்கே சீட்டுக் கொடுத்தது. வில்பிரட் மறுபடியும் மாற்று.

இனிகோவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அறுபத்தியொன்றில் நடந்த முத்துக்குளிப்பில் ரோச் மாமா முங்கி எடுத்த முதல் சிப்பியிலேயே நல்முத்து இருந்தது. அதிலிருந்து புதுத் தோணி இறக்கினாலும், கல்யாணப் பந்தலுக்குக் கால் நட்டாலும், முதலில் தொடுவது அவர் கைதான். இனிகோவின் மனுவை முன்மொழிவதும் அவரே. ஒரே மனுதான் கொடுப்பான். இரண்டாவது கொடுத்தால் ராசி கெட்டுவிடுமாம். அதையும் கடைசி நாளில், மாதா கோயிலில் பூசை கண்ட பிறகுதான் கொடுப்பான்.

அந்தக் கடைசி நாள் காலையில் மனுவை எழுத உட்கார்ந்த வில்பிரட், புதிய வாக்காளர் பட்டியலைப் புரட்டினான். ரோச் மாமாவின் பெயர் இல்லை. இரண்டு முறை பார்த்தான். மாமா மூன்று வருஷத்துக்கு முன் மகள் வீட்டோடு சாத்தான்குளம் போய்விட்டார்; ஓட்டும் கூடவே போய்விட்டது. வேறு தொகுதிக்காரர் முன்மொழிந்தால் மனு செல்லாது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லத்தான் வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து இனிகோ சட்டையை உதறி மாட்டிக்கொண்டே, "எழுதிட்டியாலே? ஒம் மனுவையும் எடுத்துக்க. வாபஸ் வாங்க மறந்துறாத, என்னா?" என்று சிரித்தான்.

வில்பிரட்டும் சிரித்தான். பழைய பட்டியலில் மாமாவுக்கு இருந்த எண்ணைப் பார்த்து, மணிமணியான எழுத்தில் எழுதி முடித்தான். தன்னுடைய மனுவுக்கு மட்டும் அடுத்த தெரு அய்யாக்குட்டியிடம் கையெழுத்து வாங்கினான். அய்யாக்குட்டிக்குத் தொகுதியில் ஓட்டு இருந்தது.

மறுநாள் பரிசீலனையில் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து பட்டியலை நீட்டினார். தேர்தல் அதிகாரி பார்த்தார், தள்ளுபடி என்றார். "நான் பொறந்ததே இங்கனதாம்யா! எனக்கு ஓட்டு இல்லன்னு எப்படிச் சொல்லுதீய?" என்று ரோச் மாமா அழுதார். வில்பிரட்டுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயம் இல்லை, சந்தோஷம்தான். அவ்வளவு வெட்கங்கெட்ட சந்தோஷம் அவனுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

முகம் வெளுத்து நின்ற இனிகோ, வில்பிரட்டின் தோளைப் பிடித்தான். "இனி நீதாம்லே" என்றான்.

பிரசார ஜீப்பில் இனிகோவும் ஏறிக்கொண்டான். "என்னையத் தள்ளிட்டாவ, இவனையும் தள்ளிராதீய!" என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டதும், குடத்தோடு வந்து ஏசின அதே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மாலைகள் எல்லாம் அவன் கழுத்துக்கே போயின. வேட்பாளரான வில்பிரட், பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில் வில்பிரட் ஜெயித்தான்.

பதவி ஏற்று வந்த மறுவாரம், வெள்ளை வேட்டி மொடமொடக்க, வாசலில் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தான். மனு கொடுக்க வந்த கூட்டம் முழுக்க எதிர்வீட்டு இனிகோவைச் சுற்றி நின்றது. பத்து மணிக்கு மேல் உப்பளத்துச் செல்லக்கிளி ஒரு காகிதத்தோடு தெருவைத் தாண்டி வந்தாள். அவனுக்குத் தன்னையறியாமல் முகம் மலர்ந்தது.

"தண்ணிக் குழாய்க்கு மனுய்யா. இனிகோ அண்ணாச்சி எல்லாம் எழுதித் தந்துட்டாவ. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏளா, அவன் வாசல்ல போய் ஏசினவதான நீ? இப்ப நேரா எங்கிட்ட வந்தா என்ன? ஜெயிச்சவன் நான். அவன் தோத்தவன்."

செல்லக்கிளி அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அண்ணாச்சி எங்கய்யா தோத்தாவ? அவிய நிக்கவே இல்லியே! நின்னிருந்தா நானே மாத்திக் குத்தியிருப்பேன், தண்ணி விடாத கோவத்துல. ஊரே குத்தியிருக்கும். எந்தப் படுபாவியோ அவியள நிக்க விடாம ஆக்கிட்டான். அதுலதான் எங்களுக்கு மனசு கேக்கல."

ஊரே சேர்ந்து தோற்கடிக்க இருந்தவனைக் காப்பாற்றி வைத்தது யார் என்பது வில்பிரட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. எதிர்வீட்டில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். வயிறு முன்னைவிட எரிந்தது.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"எங்க போடணும்?" என்று கேட்டான்.