வீட்டைக் கூட்டிக்கொண்டு போன புதன்கிழமை

மேட்டுத் தெரு அறக்கட்டளையில் உதவி கேட்கிறவர்கள் தங்கள் வீட்டைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முன்பெல்லாம் அங்கே பொறுப்பாக இருக்கும் தனசிங் சார்தான் தெருத் தெருவாக வந்து, வீட்டு நிலைமையைப் பார்த்துவிட்டுப் போவார். அவருக்கு மூட்டுவலி வந்த பிறகு வீடுகள் அவரிடம் போகின்றன. அதுவும் புதன்கிழமை மட்டும்தான். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். ஞானப்பூவின் வீட்டுக்காரர், "தாராளமா கொண்டு போங்க. மத்தியான வெயில்ல ரொம்ப நேரம் நிப்பாட்டாதீங்க, ஓடு சூடாயிரும்" என்று மட்டும் சொன்னார்.

ஞானப்பூ உதவி கேட்டது தனக்காக இல்லை. அவள் பெற்ற மூன்றும் ஆளுக்கொரு திசையில் பிழைத்துக்கொண்டிருந்தன. இது தங்கை மகள் சுகிர்தாவுக்காக. தங்கை கண்ணை மூடி, தங்கை புருஷன் கேரளாப் பக்கம் போனவர் போனவராகவே இருந்துவிட, நடக்கப் பழகுகிற வயதில் வந்து சேர்ந்த பிள்ளை. அவளுக்கு நர்சிங் படிக்க இலவசமாக இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். வெள்ளை ஷூவும் டிரங்குப் பெட்டியும் ஒரு வாளியும் இல்லாமல் வந்தால் ஹாஸ்டல் கேட்டுக்குள் விடமாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதே திங்கட்கிழமை நூல் மில் வேனும் தெருவுக்கு வரும். மில்லுக்குப் போகிறவர்கள் எதையும் எடுத்துப் போக வேண்டாம். செருப்பு முதற்கொண்டு அவர்களே கொடுத்துவிடுவார்கள்.

"நான் மில்லுக்கே போயிருதேன் பெரியம்மா," என்றாள் சுகிர்தா. "எதுக்கு வீட்டைப் போட்டு அலைக்கழிச்சுக்கிட்டு?"

"வீடே ஒண்ணும் சொல்லல. நீ என்னத்துக்குச் சொல்லுத?" என்றாள் ஞானப்பூ.

ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. வளவுக் காம்பவுண்டுக்குள் அவள் வீடும் பிச்சம்மாள் வீடும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் இருப்பது ஒரே சுவர். இரண்டு பேருக்கும் பொது. அது இல்லாமல் ஞானப்பூவின் வீடு எழுந்திருக்க முடியாது. பிச்சம்மாள் சாயங்காலமானால் ஆப்பம் சுட்டு விற்கிறவள். ஞானப்பூ அவளிடம் போய், நாளைக்கு ஒருநாள் சுவரைத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சுவர்தான, கொண்டு போ. அதுல எம்பக்கம் காலண்டர் தொங்குது. பலகையில மிக்சி இருக்கு. ஒண்ணும் ஆகப்படாது, சொல்லிட்டேன்."

"ஒண்ணும் ஆகாதுக்கா."

"பொழுது அடையுறதுக்குள்ள கொண்டாந்துரணும். எனக்கு வியாபாரம் இருக்கு."

"அதுவரைக்கும் உங்களுக்கு மறைப்பு?"

"எனக்கு என்னட்டி மறைப்பு? நான் கஞ்சி குடிக்கிறத ஊரே பாத்தா பாத்துட்டுப் போவுது."

வெளியே கிளம்புகிற எதையும் குளிப்பாட்டாமல் கூட்டிப் போய் ஞானப்பூவுக்குப் பழக்கமில்லை. பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நாளில்கூட முகம் கழுவி, தலைவாரி, பவுடர் போட்டுத்தான் தூக்கினாள். அதனால் புதன்கிழமை விடியும் முன்பே எழுந்து ஜெபம் பண்ணிவிட்டு வீட்டைக் கழுவினாள். உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடித்தாள். கதவுக்கு எண்ணெய் தடவினாள். திரைச்சீலைக்குக் கஞ்சி போட்டு மாட்டினாள். ஒரு இடம்தான் அவளை வாட்டியெடுத்தது. பொதுச் சுவரில் சுகிர்தா சாய்ந்து உட்கார்ந்து படிக்கிற இடத்தில், தலை பட்டுப் பட்டு எண்ணெய்க் கறை வட்டமாக ஏறியிருந்தது. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் மேலே மேலே வந்து நின்றது. கடைசியில் அவளுக்கே அலுத்துப்போய் விட்டுவிட்டாள். கிளம்புகிற நேரத்தில் பிச்சம்மாள் வந்து, யாரும் கண் வைத்துவிடக் கூடாது என்று வீட்டு மூலையில் கரிப்பொட்டு ஒன்று வைத்தாள். ஞானப்பூ பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொண்டாள்.

ஓட்டின்மேல் நின்ற கோழியை இறக்கிவிட்டு, கரண்ட் வயரைக் கழற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, ஞானப்பூ ஒரு பக்கம் நாதாங்கியைப் பிடித்துக்கொண்டாள். சுகிர்தா மறுபக்கம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீடு நடந்தது. கூச்ச சுபாவமுள்ள வீடு. லாரி வந்தால் தானே ஓரம் ஒதுங்கி நின்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற தெருவில் தலையைக் குனிந்துகொண்டது. அது இருந்த இடத்தில் ஈரத்தரை மட்டும் சதுரமாகக் கிடந்தது. ஒரு நாய் வந்து அதில் படுத்துக்கொண்டது. பிச்சம்மாளின் கூரையை அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதுவும் சரியென்று பொறுத்துக்கொண்டது.

அறக்கட்டளை வாசலில் வீடுகள் வரிசையாக நின்றன. எல்லாம் படியைக் கழற்றி கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போயின. ஞானப்பூவின் வீடும் தன் ஒற்றைப் படியை ஓரமாகக் கழற்றி வைத்தது. மாறிப் போகக் கூடாதே என்று சுகிர்தா அதன்மேல் ஒரு வேப்பங்குச்சியை வைத்தாள். அவர்களுக்கு முன்னால் நின்ற வீட்டுக்கு மச்சு இருந்தது. தெருவில் நன்றாக நடந்து வந்த அந்த வீடு, கேட்டைத் தாண்டியதும் நொண்டியது. அதைக் கூட்டிவந்தவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "பையப் போ, பையப் போ" என்று அதைத் தாங்கிப் பிடித்தார். அவருக்குத் தையல் மெஷின் கொடுத்தார்கள்.

தனசிங் சார் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, ஒரு காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். ஞானப்பூவின் முறை வரும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

"இதாம்மா வீடு?"

"ஆமா சார்."

"நல்லாத்தான இருக்கு."

ஞானப்பூவுக்கு மனசுக்குள் சந்தோஷம். சந்தோஷப்படக் கூடாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

"கஷ்டம் எங்க இருக்கு?" என்று கேட்டார் சார்.

"ஒழுகும் சார். மூணு இடத்துல ஒழுகும். மூத்தவளத் தூத்துக்குடியில கட்டிக்குடுத்ததுல இருந்து அடுப்படியில. மகன் திருப்பூர் போனதுல இருந்து நடுவுல. சின்னவ கல்யாணம் ஆனதுல இருந்து வாசல்கிட்ட."

"எங்க, ஒழுகச் சொல்லுங்க."

ஞானப்பூ நிலைக்கதவில் தட்டிக்கொடுத்தாள். "சார் கேக்காங்கல்லா. ஒரு சொட்டு விடு, ஏங் கண்ணுல்லா." வீடு ஜன்னலைப் பாதி சாத்திக்கொண்டது. "வீட்டுல இருக்கும்போது ஓயாம ஒழுகும் சார். புது ஆளைக் கண்டா அடக்கிக்கும்."

"எல்லா வீடும் அப்படித்தாம்மா," என்றார் சார், கோபமில்லாமல். செடிக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸைக் கொண்டுவரச் சொல்லி, ஓட்டின்மேல் பீய்ச்சச் செய்தார். தண்ணீர் முழுவதும் தாழ்வாரம் வழியாக ஒழுங்காக வடிந்து தரைக்கு வந்தது. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆண்டவரே, ரெண்டே ரெண்டு சொட்டு என்று ஞானப்பூ கண்ணை மூடிக் கேட்டாள். வீடோ தலை துவட்டிய பிள்ளை மாதிரி இன்னும் பளிச்சென்று நின்றது.

சார் நாற்காலியோடு திரும்பி வீட்டின் பக்கவாட்டைப் பார்த்தார். "மிக்சி இருக்கே."

"அது எங்க மிக்சி இல்ல சார். சுவத்துக்கு அந்தப் பக்கம் உள்ளவங்களோடது."

"அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு இங்க கெடையாதும்மா. எந்த வீட்டுச் சுவர்ல எது இருக்கோ, அது அந்த வீட்டோடது. அதுதான் சட்டம்." பிறகு மெதுவாகச் சொன்னார், "வீடு திடமா இருக்கு. சந்தோஷமா கூட்டிட்டுப் போங்க."

சுகிர்தா குனிந்து, செருப்பு வாரில் குத்தியிருந்த ஊக்கை நேராக்கினாள். மில் வேன் எத்தனை மணிக்கு வரும் என்று யாரிடம் கேட்பது என யோசிக்கிறவள்போல் இருந்தாள்.

அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டது.

"ஏட்டி ஞானப்பூ! பொழுது அடையுறதுக்குள்ளன்னு சொன்னேனா இல்லியா?"

பிச்சம்மாளின் வீடு மூன்று சுவரோடு உள்ளே வந்தது. திறந்த பக்கத்தில் அவளே அடுப்புமுன் உட்கார்ந்திருந்தாள். கையில் ஆப்பக் கரண்டி. பக்கத்தில் மாவுப் பானை. கூரை ஒரு பக்கம் தன்னைத் தானே தாங்கிக்கொண்டு வந்ததில் களைத்துப் போயிருந்தது.

தனசிங் சார் ஸ்டூலிலிருந்து காலை எடுத்தார். எழுந்தே நின்றுவிட்டார்.

"அம்மா, எவ்வளவு நாளா இப்படி?"

"காலையில இருந்து."

"திடீர்ப் பாதிப்பு," என்று சார் தலையை ஆட்டினார். "சுவர் எங்க?"

"அந்தா. அவ வச்சிருக்கா."

பிச்சம்மாள் சுவரை வாங்க இறங்கினாள். சார் கையைக் காட்டி நிறுத்தினார். "இப்ப மாட்டாதீங்கம்மா. மாட்டிட்டா நான் எதுவும் செய்ய முடியாது. இப்படியே இருங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

பிச்சம்மாள் வாயைத் திறந்தாள். சுவர் என்று சொல்லத்தான் திறந்திருப்பாள். ஞானப்பூ வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுகிர்தா ஊக்கை இன்னும் நேராக்கிக்கொண்டிருந்தாள். பிச்சம்மாளின் பார்வை அந்தக் காலில் கொஞ்ச நேரம் நின்றது.

"வெள்ளை ஷூ ஒண்ணு," என்றாள். "டிரங்குப் பெட்டி ஒண்ணு. ஒரு வாளி."

"ஷூ யாருக்கு?"

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு."

"உங்க வீட்ல பிள்ளை இருக்கா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டிய? எந்த வீட்டுச் சுவத்துல எது இருக்கோ அது அந்த வீட்டோடதுன்னு நீங்க சொன்னது வாசல் வரைக்கும் கேட்டுதே. அது எஞ் சுவரு. போய்ப் பாருங்க, பிள்ளை இருக்கா இல்லியான்னு."

தனசிங் சார் முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு சுவருக்குப் போனார். ஞானப்பூவின் பக்கம் எண்ணெய்க் கறையைப் பார்த்தார். வட்டத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், மிக்சிப் பலகைக்குக் கீழே, காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். அங்கேயும் அதே வட்டம் இருந்தது. மோந்து பார்த்தார்.

"தேங்காய் எண்ணெய்," என்றார்.

"பத்து வருசமா ஊறியிருக்கு," என்றாள் பிச்சம்மாள். "மறைக்கத்தான் காலண்டர் மாட்டினேன்."

சார் உள்ளே ஆளை அனுப்பினார். பெட்டியும் வாளியும் வந்தன. ஷூ அளவு பார்க்க சுகிர்தா காலை நீட்டினாள். முதல் ஜோடியே பொருந்தியது. முறைப்படி எல்லாவற்றையும் பிச்சம்மாள் வீட்டுக்குள்தான் வைத்தார்கள்.

இரண்டு வீடுகளும் படியைப் போட்டுக்கொண்டு, சுவரை நடுவில் விட்டு, அக்கம்பக்கமாக நடந்து திரும்பின. வழியெல்லாம் பிச்சம்மாள் ஏசிக்கொண்டே வந்தாள். "பொண்ணு பாக்க வாராப்பல சோடிச்சுக் கூட்டிட்டுப் போனா எவன்ட்டி குடுப்பான்? ஒரு ஓட்டை உடைச்சு விட்டுக் கூட்டிட்டுப் போகத் தெரியாது?"

"அழுக்கா எப்படிக்கா வெளியில கூட்டிட்டுப் போறது? பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

"பாவம்னு நெனைப்பாங்க. அதுக்குத்தான போனிய!"

சதுரத்தில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் கொடுத்தது. வீடுகள் உட்கார்ந்தன. ஒருநாள் முழுக்க வெளியே அலைந்து வந்த சுவர் மட்டும் கொஞ்சம் இளகியிருந்தது. சாய்ந்தால் மெத்தென்று உள்வாங்கியது.

திங்கட்கிழமை காலையில் மில் வேன்தான் முதலில் வந்தது. ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது. பிச்சம்மாள் கரண்டியோடு வெளியே போய், "எங்க வீட்டுப் பிள்ளை படிக்கப் போவுது. வண்டிய எடு" என்றாள். வேன் போய்விட்டது. ஞானப்பூ சுகிர்தாவின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினாள். கை முழுக்க எண்ணெய். பஸ் நிறுத்தம் வரை பெட்டியைத் தூக்கிப் போனாள். பஸ் படியில் வெள்ளை ஷூ ஏறுகிறவரைக்கும் நின்றாள்.

திரும்பி வந்தபோது வானம் வெளுத்துக் கிடந்தது. ஒரு மேகம் இல்லை. உள்ளே, சுகிர்தா சாய்ந்து படிக்கிற இடத்துக்கு நேர்மேலே, ஓட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

ஞானப்பூ அண்ணாந்து பார்த்தாள்.

"இப்ப விடு," என்றாள். "சார் கேக்கும்போது விடாம."

பாத்திரம் தேடினாள். அடுப்படியில் ஒன்றும், நடுவில் ஒன்றும், வாசல்கிட்ட ஒன்றும் ஏற்கெனவே இருந்தன. வேறு இல்லை.

"ஏட்டி, சொட்டுச் சத்தம் கேக்கு," என்றது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிச்சம்மாளின் குரல். "பாத்திரம் இருக்கா?"

"இல்லக்கா."

எண்ணெய்க் கறையின் நடுவிலிருந்து பிச்சம்மாளின் கை முழங்கை வரைக்கும் வெளியே வந்தது. கண்ணாடி வளையல் சுவரில் தட்டியது. கையில் மாவு வழித்த பானை. ஞானப்பூ அதை வாங்கிக்கொண்டாள். கை உள்ளே போய்விட்டது.

பானையில் மாவு ஒட்டியிருந்தது. கழுவிக்கொண்டுவந்து சொட்டுக்கு நேரே வைத்தாள்.