பதிவேட்டின் முதல் பெயர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆறாம் வகுப்புச் சேர்க்கை தொடங்கும்போது, பதிவேட்டில் முதல் பெயராக மலையிலிருந்து வரும் ஒரு பிள்ளையின் பெயரைத்தான் எழுத வேண்டும். டாக்டர் மகள் ஆறு மணிக்கே வந்து வாசலில் நின்றாலும் அவளுக்கு இரண்டாவது இடம்தான். பெயரை எழுதியதும் பெரிய மணியை ஒரு முறை அடிப்பார்கள். இது கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி. நான் வேதக்காரி இல்லை, சிலமலையில் தக்காளியும் மொச்சையும் போட்ட சம்சாரி வீட்டுப் பெண். ஆனாலும் முப்பத்து மூன்று வருடமாக அந்த மணிச் சத்தம் எனக்குப் பெருமையாக இருந்திருக்கிறது. கடைசிப் பதினாறு வருடம் அந்தப் பெருமையோடு ஓர் உறுத்தலும் சேர்ந்தே வருகிறது.

இது பள்ளியின் பவள விழா ஆண்டு. விழா மலருக்குப் பள்ளி வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கணக்கு டீச்சருக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், நீங்களே எழுதுங்கள் என்றார் தலைமையாசிரியை சிஸ்டர் ஜெசிந்தா. அவர் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அந்தக் கையெழுத்து என்னவெல்லாம் எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

தொடக்கம் எழுதச் சுகமாகத்தான் இருந்தது. 1950இல் இரண்டு கன்னியாஸ்திரிகள் போடிக்கு வந்து, ஏலக்காய் மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்துப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். ஊருக்குள் யாரும் பெண் பிள்ளைகளை அனுப்பவில்லை. மலை எஸ்டேட்டுக் கூலிகள்தான் அனுப்பினார்கள். மொத்தம் ஒன்பது பிள்ளைகள். ஏலக்காய் வாசம் போகாத சாக்கை விரித்து அதன்மேல் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். யாருமே வராதபோது வந்தவர்கள் இவர்கள், இந்தப் பள்ளிக்கூடம் இருக்கும்வரை இவர்களுக்குத்தான் முதல் இடம் என்று மூத்த கன்னியாஸ்திரி பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டார். வழக்கம் அப்படி வந்தது. இன்றைக்கு அறுநூற்று நாற்பது பிள்ளைகள், நான்கு வேன், கணினி அறை என்று பதினோரு பக்கம் மளமளவென்று எழுதினேன். 2010க்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

அலுவலக அறைக்கு வெளியே ஒரு தேக்குப் பலகை தொங்குகிறது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி பெற்ற ஆண்டுகளை அதில் பொன் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். முதல் வரி 2010. அந்த வருடம் கலெக்டர் எனக்குச் சால்வை போர்த்தினார்.

நூறு சதவீதம் எப்படி வந்தது என்றால், தேறமாட்டார்கள் என்று நாங்கள் நினைத்த ஏழு பேரை 2009 மே மாதமே வெளியே அனுப்பிவிட்டோம். அப்போதிருந்த தலைமையாசிரியை பட்டியல் கேட்டார், கணக்கு மார்க்கைப் பார்த்துப் பட்டியல் கொடுத்தது நான். பள்ளி அனுப்பியதாக இருந்தால் கல்வி அலுவலகத்தில் கேள்வி வரும். பெற்றோரே விரும்பி மாற்றுச் சான்றிதழ் கேட்டதாகக் கடிதம் வேண்டும். கையெழுத்து நன்றாக இருப்பவள் நான்தானே? ஏழு அம்மாக்கள் எழுதுவதுபோல ஏழு கடிதம் எழுதினேன். வேலைக்கு அனுப்ப வேண்டியிருப்பதால் மகளின் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று ஒவ்வொன்றிலும் ஒரே வாக்கியம்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி மகாராணி. 2005ஆம் ஆண்டுப் பதிவேட்டில் முதல் பெயர் அவளுடையது, அவளுக்காக மணி அடித்திருந்தோம். போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் அவளுடைய அம்மா வேலுத்தாய் ஏலக்காய் எடுத்தார். கடிதத்துக்காக வரச்சொன்ன அன்று அவர் ஜீப்பைப் பிடித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெருவிரலில் மை தடவும்போது என்ன எழுதியிருக்கு டீச்சர் என்று கேட்டார்.

“ஒரு வருசம் வீட்டுல இருந்து படிச்சு, தனியாப் பரீட்சை எழுதப் போறான்னு எழுதியிருக்கும்மா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வீட்டுக்கு அனுப்பிவிடுங்க, கணக்கு நானே சொல்லித் தர்றேன்” என்றேன்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ரேகை வைத்தார். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சொன்னபடி மகாராணி இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மேலேயிருந்து அத்தனை கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து, ஒன்பது மணிக்கெல்லாம் வாசலில் நிற்பாள். மந்தம் எதுவும் இல்லை, பின்னத்தில்தான் தடுமாறினாள், அதையும் வகுப்பில் அறுபது பேருக்கு நடுவில் நான் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரம் பத்துக் கணக்கு கொடுத்து அனுப்பினேன். மூன்றாவது வாரம் அவள் வந்தபோது எனக்கு ஒரு சோலியும் இல்லை. தலைக்குக் குளித்துவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவ்வளவுதான். எழுந்திருக்க அலுப்பாக இருந்தது. நான் தேனிக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிடும்படி என் வீட்டுக்காரர் முத்துக்கிருஷ்ணனிடம் காதோடு சொன்னேன்.

அவர் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நோட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனாள். என் செருப்பு வாசலில்தான் கிடந்தது, அவள் பார்த்திருப்பாள். அன்று சாயங்காலம் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பத்துக் கணக்கையும் திருத்தினேன். எட்டு சரி. பாஸ் பண்ணியிருப்பாள் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் வந்தால் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை, எந்த வாரமும் வரவில்லை. அந்த நோட்டு பள்ளிக்கூடத்தில் என் மேசை இழுப்பறையின் அடியில் பதினாறு வருடம் கிடந்தது.

இந்த ஜூன் மாதம் சேர்க்கை தொடங்கிய நாளில் நான் வகுப்பு முடிந்து வரும்போது சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் போனேன். மகாராணி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு வயதுக்கு அதிகமான முகம். நகக்கண்ணெல்லாம் ஏலக்காய்க் கறை. பக்கத்தில் இரட்டைச் சடை போட்ட பெண் பிள்ளை, பெயர் ரோஜா.

சிஸ்டர் ஒரே உற்சாகத்தில் இருந்தார். இந்த வருடம் முதல் பெயர் ரோஜாதானாம், இருபது வருடத்துக்கு முன் முதல் பெயர் அவள் அம்மாவாம், இருவரையும் மணிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து மலரின் முதல் பக்கத்தில் போட வேண்டுமாம். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று கேட்டார். கேரளப் பக்கத்து எஸ்டேட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, கணக்குதான் இஷ்டம் என்று பாதி மலையாளமாகச் சொன்னது. டீச்சரைப் பார்த்துக்கொள் என்று சிஸ்டர் என்னைக் காட்டினார். மகாராணி எழுந்து வணக்கம் சொன்னாள். நானும் சொன்னேன்.

படத்துக்குக் கீழே போட விவரம் வேண்டும் என்று சிஸ்டர் பழைய பதிவேட்டைப் புரட்டினார். மகாராணியின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் விலகிய தேதி இருந்தது. மாற்றுச் சான்றிதழ்க் கோப்பையும் கொண்டுவரச் சொல்லி எடுத்துப் பார்த்தார். கடிதத்தைப் படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. வேலைக்கு அனுப்புவதற்காக உன்னை உன் அம்மாவே நிறுத்தியிருக்கிறார், நாளைக்கு இவளையும் ஒன்பதாவதில் நிறுத்தி ஏலக்காய் எடுக்க அனுப்பமாட்டாய் என்று என்ன நிச்சயம் என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. முதல் பெயர் பாதியில் போய்விட்டால் அந்த வழக்கத்துக்கு என்ன மரியாதை என்பது அவர் கவலை.

மகாராணி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். அவள் சொல்லட்டும் என்றும் சொல்லிவிடக் கூடாது என்றும் நான் ஒரே நேரத்தில் நினைத்தேன். அடுத்த ஏப்ரலில் எனக்கு ஓய்வு. விழா மேடையில் பொன்னாடை உண்டு என்று சிஸ்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

“ஆமா சிஸ்டர். எங்காத்தாதான் நிப்பாட்டிருச்சு. அது செத்து நாலு வருசமாச்சு. நான் அப்படிப் பண்ணமாட்டேன்” என்றாள் மகாராணி.

அடுத்த வாரம் வாருங்கள், பார்க்கலாம் என்றார் சிஸ்டர். எங்கள் பள்ளியில் அப்படிச் சொன்னால் சேர்க்கை கிடையாது என்று அர்த்தம். அது தெரிந்தவள்போல மகாராணி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நெஞ்சு லேசானது. லேசாகிவிட்டதே என்று தெரிந்தபோதுதான் எனக்கு என்மேல் உண்மையான அருவருப்பு வந்தது. செத்துப்போன அம்மாவின் தலையில் ஒரு பொய்யைச் சுமத்திவிட்டு அவள் போகிறாள், எழுதிய நான் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர்கள் மணித்தூணைத் தாண்டுவதற்குள் வெளியே வந்து கூப்பிட்டேன். கூட்டி வந்து சிஸ்டர் முன்னால் நிறுத்தி, கடிதம் என்னுடையது என்றேன். வேலுத்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது, வேறு ஏதோ எழுதியிருப்பதாக நான்தான் சொன்னேன், அந்த அம்மா நிறுத்தவில்லை, நாங்கள் நிறுத்தினோம் என்றேன். ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னேன். கீரையை மட்டும் சொல்ல முடியவில்லை.

சிஸ்டர் கோப்பிலிருந்த மற்ற ஆறு கடிதங்களையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஏழும் ஒரே கையெழுத்து. இது அந்தப் பலகையில் இருக்கிற முதல் வருடமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிஸ்டர் கடிதங்களை அடுக்கித் திரும்பக் கோப்பில் வைத்தார். பிறகு புதிய பதிவேட்டைத் திறந்து முதல் வரியில் ரோஜாவின் பெயரை எழுதினார்.

“மலர்ல இதையும் எழுதுங்க டீச்சர். ஏழு பேர் பேரோட. உங்க கையெழுத்துதான் நல்லா இருக்குமே” என்றார்.

மணி அடித்தது. படம் எடுக்கவில்லை.

வாசல் வரை மகாராணியோடு நடந்தேன். இழுப்பறையிலிருந்து எடுத்து வந்த நோட்டைக் கொடுத்தேன். அவள் நின்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, எட்டு சரியா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள். ரோஜா எட்டிப் பார்த்தது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உனக்குப் பெரிய மனசு என்று தொடங்கினேன்.

“மனசெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். இவளுக்கும் நீங்கதான கணக்கு எடுப்பீங்க. பகைச்சுக்கிட்டு எப்பிடி இங்க படிக்கவைக்கிறது? ஆத்தா மேல பழியப் போட்டதுதான் மனசு கேக்கல” என்றாள்.

மன்னிப்பு என்று நான் நினைத்தது பயம். பதினாறு வருடம் கழித்தும் என்னிடம் அவளுக்குப் பயம். ஏதாவது செய்தாக வேண்டும்போல இருந்தது. இப்போதும் பத்தாவது தனியாக எழுதலாம், வயது தடையில்லை, கணக்கை நான் சொல்லித் தருகிறேன் என்றேன்.

“ஞாயித்துக்கெழமையா டீச்சர்?” என்று கேட்டாள்.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. வேலைக்குப் போகிறவள், கிழமையைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“நீ கீழ எறங்கி வரவேணாம். நான் மேல வர்றேன்” என்றேன்.

போடிமெட்டு ஜீப்பு புறப்படும் நேரமாகிவிட்டது, வெரசா வா என்று அவள் மகளைக் கூப்பிட்டாள். நோட்டைப் பைக்குள் வைத்து மூடிவிட்டு, என் காலைப் பார்த்தாள். இன்றும் சிஸ்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் நின்றிருந்தேன்.

“வாங்க. வந்தாப் பாக்கலாம்” என்றாள்.