வலது புருவத்தின் மேல் ஒரு மச்சம்

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. கல்யாணசுந்தரி அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அண்ணனிடம் வாய் திறந்தாள்.

“நான் கடையம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷமா டீச்சரா வேலை பாக்கேனாம். அத மறைச்சு, சர்டிபிகேட் தொலஞ்சிட்டுன்னு பொய் சொல்லி இன்னொரு வேலைக்கு மனு போட்டேனாம். ஏழு நாளைக்குள்ள நேர்ல வந்து விளக்கம் சொல்லணுமாம்.”

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த சிவனணைந்தபெருமாள் அப்படியே நின்றான். தென்காசியில் ஒரு ஜவுளிக் கடையில் அவனுக்கு வேலை. அப்பா போன பிறகு வீட்டில் அவன் சொல்வதுதான் முடிவு.

“வேற ஆருக்கோ வந்த கடுதாசியா இருக்கும்.”

“என் பேரு, அப்பா பேரு, எஸ்.எஸ்.எல்.சி. நம்பர் எல்லாம் சரியா இருக்குண்ணே.”

இருவருக்கும் ஒரே நாள்தான் நினைவுக்கு வந்தது.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆனி மாதக் கடைசி. ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு கல்யாணசுந்தரி, கூடப் படித்தவர்களோடு குற்றாலத்துக்குப் போயிருந்தாள். அன்று காலைதான் சான்றிதழ்களுக்கு நகல் எடுத்து ஓர் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் பயிற்சிச் சான்றிதழும் நகல்களும் பையிலேயே இருந்தன. அருவிக்கரையில் பிழிந்த சேலையை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், “கொஞ்சம் பாத்துக்கிடுதீங்களா?” என்று பையைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திடீரென்று தண்ணீர் செம்மண்ணாக இறங்கியது. விசில் ஊதி எல்லாரையும் விரட்டினார்கள். கூட்டம் சிதறி, அவள் கரையேறிப் பார்த்தபோது அந்தப் பெண்ணும் இல்லை, பையும் இல்லை.

போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்றாள். அண்ணன் கேட்கவில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணின் பெயர் ஸ்டேஷனில் ஏறக்கூடாது என்றான். அதற்குப் பிறகு இரண்டு இடங்கள் வந்து தட்டிப்போயின. இந்த வருஷம்தான் வேலைக்குப் போக அவனைச் சம்மதிக்க வைத்து, வேலைக்கும் சான்றிதழ் நகலுக்கும் மனுப் போட்டிருந்தாள்.

“வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவோம், சுந்தரி,” என்றான் இப்போது. “அதோட போவட்டும்.”

“வேலைய விட்டுரலாம்ணே. பேர எப்படி விட?”

விசாரணை தென்காசியிலேயே, கல்வி அதிகாரியின் அறையில் நடந்தது. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. பகல் பதினொரு மணிக்கே அறை மங்கிக் கிடந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ஒன்றில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கல்யாணசுந்தரி உள்ளே வந்தபோது அவள் தலையைத் திருப்பவில்லை.

“உங்க பேர்?” என்று அதிகாரி முதலில் அந்தப் பெண்ணைக் கேட்டார்.

“கல்யாணசுந்தரி.”

கல்யாணசுந்தரி தன் பெயரை இன்னொருத்தி வாயால் கேட்டாள். அந்தப் பெண் அதைத் தடுமாறாமல் சொன்னாள். தினமும் சொல்லிப் பழகிய பெயரைச் சொல்வதுபோல.

அப்பா பெயர் கேட்டார். சொன்னாள். பிறந்த தேதி, படித்த பள்ளி, வாங்கிய மதிப்பெண்கள், எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணசுந்தரிக்கே கணக்கில் எத்தனை என்பது சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

“சார், இவ என் கூடப் பொறந்தவ,” என்றான் கதவோரம் நின்ற சிவனணைந்தபெருமாள்.

“அண்ணன் அப்படித்தானே சொல்வீங்க. பை தொலைஞ்சப்போ போலீஸ்ல கொடுத்த புகார் நகல் இருக்கா?”

“இல்ல சார்,” என்றான்.

அதிகாரி மேஜையில் இருந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் திறந்தார். அட்டையின் ஓரத்தில் தண்ணீர் பட்ட கறை இருந்தது.

“அங்க அடையாளம் ரெண்டு போட்டிருக்கு. இடது முழங்கையில் ஒரு தழும்பு.”

இருவரும் கையை நீட்டினார்கள். இருவருக்கும் தழும்பு இருந்தது.

“வலது புருவத்தின் மேல் ஒரு மச்சம்.” அதிகாரி நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணசுந்தரியிடம் பார்வை நின்றது. “உங்களுக்கு இடது பக்கமில்லா இருக்கு?”

கை தானாக இடது புருவத்துக்குப் போனது. அவள் அந்த வரியை ஒருநாளும் கவனித்துப் படித்ததில்லை.

“எழுதின கிளார்க்கு எனக்கு எதிர்த்தாப்புல உக்காந்து எழுதினாரு சார். அவருக்கு வலது பக்கம்னு பட்டிருக்கும்.”

“புத்தகம் அவங்ககிட்ட இருக்கு. அடையாளமும் அவங்களுக்குத்தான் பொருந்துது.” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. “நீங்க படிச்சப்போ இருந்த தலைமை ஆசிரியை இப்போ கோயம்புத்தூர்ல இருக்காங்க. எழுதிக் கேக்கிறேன். ஆனா இப்போ உங்க மனுவைப் போலீசுக்கு அனுப்புறதைத் தவிர வேற வழியில்லை.”

புத்தகத்தில் எழுதியிருப்பது எல்லாம் அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம். எதைக் கேட்டாலும் சொல்வாள். அப்படியென்றால் எதைக் கேட்பது? கல்யாணசுந்தரி முதல்முறையாக அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள். கண்ணாடிக்கு மேலே புருவம். அதற்கு மேலே மச்சம். அந்த மங்கலில் கறுப்பாகத்தான் தெரிந்தது.

புத்தகத்தில் பக்கம் மாற்றி எழுதப்பட்ட மச்சம் ஒன்று, எழுதியபடியே இன்னொருத்தி முகத்தில் எப்படி வந்து உட்காரும்?

“சார், அவங்களக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“அந்த மச்சத்த வெளிச்சத்துல பாருங்க.”

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. அதிகாரி இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் எழுந்தாள். ஜன்னல் கதவை அவர் முழுக்கத் திறந்தார். சாரல் உள்ளே தெறித்தது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, குனிந்து பார்த்தார். மச்சம் கறுப்பாக இல்லை. பச்சையாக இருந்தது. கையில் பெயரைப் பச்சை குத்துவார்களே, அந்தப் பச்சை.

“ஆரு குத்தினா?” என்று கேட்டார்.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“எம் பேரு இராமலட்சுமி,” என்றாள் கடைசியில். அதிகாரியிடம் அல்ல, கல்யாணசுந்தரியிடம் சொன்னாள். “பைய ஒன்கிட்ட குடுக்கணும்னுதாம்மா வச்சிருந்தேன். தண்ணி வந்து எல்லாரும் ஓடுன ஓட்டத்துல ஒன்னக் காங்கல. வீட்டுக்குப் போயி, விலாசம் இருக்கான்னு தொறந்தேன். எஸ்.எஸ்.எல்.சி.ல நான் ரெண்டு தடவ பெயிலு. எம் மாப்ள கொழும்புக்குப் போனவரு ஒரு வரி எழுதல. பொம்பளப் புள்ள ஒண்ணு கையில. அந்தப் புத்தகத்த மூணு நாளு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“இந்தக் கை?” என்றாள் கல்யாணசுந்தரி.

“கரண்டியக் காய்ச்சி நானே வச்சிக்கிட்டேன். ஒரு மாசம் ஆறல.”

கல்யாணசுந்தரிக்குத் தன் முழங்கை வலிப்பதுபோல இருந்தது. ஆத்திரத்தோடு வந்தவளுக்கு அந்த ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“இது வெளிய வரலன்னா என்னய இன்னைக்கு ஜெயில்ல போட்டிருப்பாங்க. அது ஒனக்குத் தெரியும்லா?”

“தெரியும்.” அவள் கண்ணைத் துடைக்கவில்லை. “தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன்.”

வழக்கு நடந்தது. கல்யாணசுந்தரி சாட்சிக் கூண்டில் நடந்ததைச் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இராமலட்சுமி பிள்ளைகளுக்கு நன்றாகப் பாடம் சொல்லிக் கொடுத்தாள் என்று அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர் சொன்னதையும் நீதிமன்றம் எழுதிக்கொண்டது. இராமலட்சுமிக்கு ஆறு மாதம் கிடைத்தது. தீர்ப்பு நாளில் சிவனணைந்தபெருமாள் தங்கையை வீட்டில் விட்டுவிட்டு, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், இரண்டு வருஷத்துக்கு முன் பை தொலைந்ததை எழுதிக் கொடுத்து முத்திரை போட்ட நகல் வாங்கி வந்தான். இனி அது எதற்கும் உதவாது என்று அவனுக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் தை மாதம் ஓர் உத்தரவு வந்தது. கல்யாணசுந்தரி என்ற பெயரில் நியமனம் ஏற்கெனவே இருப்பதால், அதே பள்ளியில் சேரும்படி அதில் எழுதியிருந்தது.

கடையத்தில் பஸ் இறங்கி அரை மைல் நடந்தாள். தலைமை ஆசிரியர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். வருகைப் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். பழைய பக்கங்களைப் புரட்டினாள். மாதம் மாதமாக, வரிசை வரிசையாக அவள் கையெழுத்து. அவளே போட்டதுபோல அதே சுழி, அதே சாய்வு. இந்தக் கையெழுத்தைப் பழக இராமலட்சுமி எத்தனை தாளை வீணாக்கியிருப்பாள்?

பேனாவைத் திறந்தாள். பிறகு சுழி இல்லாமல், சாய்வு இல்லாமல், அப்பாவின் முதலெழுத்தோடு தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் எழுதினாள்.

“வழக்கமா போடுத கையெழுத்தே போடலாமே, டீச்சர்?” என்றார் அவர்.

“இல்ல சார். இனிமே இதுதான்.”

மணி அடித்தது. மூன்றாம் வகுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு நடந்தாள்.