எண்ணூற்று இருபது மணி நேரம்

எங்கள் வீட்டு வேலியில் ஒன்பது மாதமாக ஒரு பேனர் தொங்கியது. ஆறடி நீளம். இடது பக்கம் என் கல்லூரிப் படம். வலது பக்கம் நீல எழுத்தில், ‘வாழ்த்துகள்! ரூஃபினா நாபுட்டி, சிபிஏ. இனாலாஹனின் பெருமை.’ இனாலாஹன் எங்கள் ஊர்.

நான்கு தேர்வுகளும் தேறிவிட்டதாக ஒரு வியாழக்கிழமை எனக்கு மின்னஞ்சல் வந்தது. சனிக்கிழமை மாலைப் பூசைக்கு முன்பே அம்மா பேனர் அடித்து, தூண்டில் நரம்பால் ஆறு இடத்தில் முடிச்சுப் போட்டு வேலியில் கட்டிவிட்டாள். குவாம் தீவில் பாலர் வகுப்பு முடித்த பிள்ளைக்கே பேனர் கட்டுவார்கள். அதனால் யாருக்கும் அது அதிகமாகத் தெரியவில்லை. தவறு கடைசி மூன்று எழுத்தில் மட்டும்தான் இருந்தது.

தேர்வு தேறினால் மட்டும் சிபிஏ என்ற சான்றுபெற்ற கணக்காளர் ஆகிவிட முடியாது. உரிமம் பெற்ற கணக்காளர் ஒருவரின் கீழ் இரண்டாயிரம் மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்ட படிவத்தை வாரியத்தில் கொடுத்து, உரிமம் கைக்கு வந்த பிறகுதான் பெயருக்குப் பின்னால் அதைப் போட்டுக்கொள்ளலாம். முன்னதாகப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். நெறிமுறைத் தேர்வில் இதற்கென்றே ஒரு கேள்வி வந்தது. நான் சரியான விடைதான் எழுதினேன்.

டுமோனில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில் மூன்று வருடம் வேலை பார்த்திருந்தேன். என் மேலாளருக்கு உரிமம் கிடையாது, அதனால் அந்த மூன்று வருடத்தில் ஒரு மணி நேரம்கூடக் கணக்கில் சேராது. இதை அம்மாவிடம் அன்று மாலையே சொன்னேன்.

“எத்தனை மாசம்டி ஆகும்?” என்று கேட்டாள்.

“ஒரு வருஷம்.”

“அவ்வளவுதானே? அதுக்குள்ள இதக் கழட்டி, மறுபடியும் கட்டணுமா? ஆகப்போறவதானே நீ. இருக்கட்டும் விடு.”

நானும் விட்டேன். உண்மையைச் சொன்னால், காலையில் காரை வெளியே எடுக்கும்போது அந்தப் பெயரை ஒரு முறை படித்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

மே முதல் வாரத்தில் ஹோட்டலை விட்டுவிட்டு ஹகாட்னியாவில் என் ஞானத்தாய் பெர்னதீத்தாவின் அலுவலகத்தில் சேர்ந்தேன். எனக்கு ஞானஸ்நானத்தில் தலை தொட்ட பெண்மணி. நாங்கள் ‘நினா’ என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருடமாக உரிமம் வைத்திருப்பவர். ஒரு ரசீது குறைந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்புவார். நான் எட்டேகாலுக்கு வந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார். அவரிடம் இரண்டாயிரம் மணி நேரம் முடித்து, அவர் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

மூன்றாவது வாரம் புயல் அடித்தது. எதிர்வீட்டுத் தகரக் கூரை பறந்து கடலில் விழுந்தது. எங்கள் முற்றத்து ஈரப்பலா மரம் சாய்ந்தது. பேனர் மட்டும் அசையவில்லை. பதினெட்டு நாள் மின்சாரம் இல்லை. பத்தொன்பதாம் நாள் மின்வாரிய வண்டி ஒன்று வாசலில் நின்றது. கம்பத்தில் ஏறியவன் மேலிருந்தே பேனரைப் படித்துவிட்டு, “இங்க சிபிஏ யாரு?” என்று சத்தம் போட்டான். அம்மா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

“சிபிஏ, உள்ள போய் மெயின் சுவிட்ச அணைச்சிட்டு வாங்க. இல்லனா நான் இங்கயே வறுபட்டுருவேன்.”

நான் இன்னும் சிபிஏ இல்லை என்று சொல்ல இரண்டு நொடி போதும். நான் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன்.

அவன் பெயர் கின் டைட்டாகி. விளக்கு எரிகிறதா என்று பார்க்க மறுநாள் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். மூன்றாவது முறை மரத்தை அறுக்க ரம்பத்தோடு வந்தபோது, அம்மா இரண்டு தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கின் அதிகம் பேசுகிறவன் இல்லை. கேலி மட்டும் வரும். என்னைப் பெயர் சொல்லி அவன் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. போனில் ‘சிபிஏ’. கடற்கரையில் என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கும்போதும் ‘சிபிஏ’. முதல் முத்தத்துக்குப் பிறகும், “என்ன சிபிஏ, கணக்கு சரியா வந்துச்சா?” என்றுதான் கேட்டான். நான் சிரித்தேன்.

சொல்ல வேண்டும் என்று நினைக்காத வாரம் இல்லை. வேலை பார்க்கிற இடத்தையும் சேர்ந்த மாதத்தையும் சொன்னேன். எதற்காக அங்கே சேர்ந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் அது சின்ன விஷயம். ஆறு மாதம் கழித்துச் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நவம்பர் கடைசி ஞாயிறு அவன் வீட்டுப் பெரியவர்கள் பெண் கேட்டு வருவதாக முடிவாயிற்று. அப்போதுதான் அம்மாவுக்குப் பயம் வந்தது. அதற்குள் உரிமம் கையில் இருந்தால் நல்லது என்று நினைத்தாள். என்னிடம் சொல்லாமல் நினா வீட்டுக்கு ஒரு தட்டு லத்தியா செய்து கொண்டு போனாள். மறுவாரமும் ஒரு தட்டு, அதற்கு மறுவாரமும் ஒன்று. பட்டை தூவிய அந்தப் பால் கேக்கை வாங்கி வைத்துவிட்டு, ஞானப்பிள்ளைக்கு முடியாது என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது.

ஞாயிறு காலை, விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்னால், நினா அடுக்களைக்கு வந்து ஒரு உறையை என் ஏப்ரன் பையில் செருகினார்.

“நாளைக்கு வாரியத்துல குடுத்துடு. பிரிச்சுப் பாக்காத.”

அவர் அந்தப் பக்கம் போனதும் பிரித்துப் பார்த்தேன். வேலையில் சேர்ந்த தேதி, போன வருடம் நவம்பர். மொத்தம் இரண்டாயிரம் மணி நேரம். என் கணக்கில் ஆயிரத்து நூற்று எண்பதுதான் இருந்தது. கீழே அவர் கையெழுத்து. பாதிப் பக்கத்தைப் பிடிக்கும் பெரிய கையெழுத்து அவருடையது. இதில் அது ஓரமாக, சின்னதாக, பள்ளிப் பிள்ளை போட்டது போல இருந்தது. எனக்குக் காது மடல் சுட்டது. நான் கேட்கவில்லைதான். ஆனால் பேனரை நான் கழற்றியிருந்தால் இந்தக் கையெழுத்துக்குத் தேவையே வந்திருக்காது.

பன்னிரண்டு மணிக்கு மூன்று வண்டியில் வந்தார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவருடைய கையிலும் குனிந்து முகம் வைத்து வணங்கினேன். முதலில் கின்னின் பெரியப்பா துன் இசித்ரோ. எண்பது வயது, பெண் கேட்கும் வார்த்தையை அவர்தான் சொல்ல வேண்டும். பிறகு அவன் அம்மா. கடைசியாக, தடித்த கண்ணாடி போட்ட ஓர் அத்தை.

“ஆண்ட்டி ரெமி,” என்றான் கின், சந்தோஷமாக. “லைசன்ஸ் வாரியத்துல கவுன்ட்டர்ல இருக்காங்க. உன் ஜாதிதான், சிபிஏ. ரெண்டு பேரும் சேந்தா நான் தொலைஞ்சேன்.”

குனிந்த என் முகம் அவர் கையிலேயே நின்றுவிட்டது. அந்தக் கை சில்லென்றிருந்தது. நான் நிமிர்ந்ததும் அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

தட்டுகள் நிறைந்தன. சிவப்புச் சோறு, எலுமிச்சையும் தேங்காயும் பிசறிய கோழி, சுட்ட மீன். முறைப்படி அவர்கள் கேட்கும்வரை பெண்வீட்டார் அடக்கமாக இருக்க வேண்டும். அம்மாவால் முடியவில்லை. தீவின் தென்கோடியிலேயே என் மகள்தான் முதல் சிபிஏ என்றாள். போன திருவிழாவில் மேயர் மைக்கில் சொன்னதைச் சொன்னாள். நான் பத்து வயதிலேயே கடைக்காரனின் கூட்டலைத் திருத்தியதைச் சொன்னாள். ஆண்ட்டி ரெமி ஒரு கோழித் துண்டை வெகு நேரம் முள்கரண்டியால் தட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். என் விண்ணப்பம் மார்ச்சிலிருந்து அங்கே கிடக்கிறது, அனுபவப் படிவம் மட்டும் இல்லாமல். அவர் அதை வெளியில் சொல்ல முடியாது. இந்த வீட்டுக்கு வரும்போது பேனருக்குக் கீழேதான் நடந்து வந்திருக்கிறார்.

“பெர்னதீத்தா ஆபீஸ்ல எப்பச் சேந்தேம்மா?” என்று என்னைக் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் கின் பதில் சொன்னான். “புயல் வந்த மாசம். மே.”

நினாவின் கையில் இருந்த கரண்டி சட்டியில் விழுந்தது.

நாளைக்கு இந்த உறையைக் கொண்டுபோனால் அதை வாங்கப்போகும் கை ஆண்ட்டி ரெமியுடையது. போன நவம்பர் என்ற தேதியைப் பார்ப்பார். சொந்தம் ஆகப்போகிற பெண் என்று விழுங்கினால் அவரும் பொய்யர். விழுங்காவிட்டால் நினாவின் முப்பது வருடம் போகும். என் ஏப்ரன் பையில் ஒரு காகிதம்தான் இருந்தது. பையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டேன்.

துன் இசித்ரோ வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

“துன் இசித்ரோ,” என்றேன். “நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். நான் சிபிஏ இல்ல.”

அம்மா சிரித்தாள். “பாருங்க, எவ்வளவு அடக்கம்.”

“இல்லம்மா. பரீட்சை பாஸ் பண்ணியிருக்கேன். லைசன்ஸ் இல்ல. ரெண்டாயிரம் மணி நேரம் வேலை பாக்கணும், ஆயிரத்து நூத்து எண்பதுதான் ஆயிருக்கு. வெளிய தொங்கறது பொய். கட்டின அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

கின்னின் அம்மா கையில் எடுத்த சோற்றைத் தட்டில் திரும்ப வைத்தார். கின் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே வேலியைப் பார்த்தான். பிறகு எழுந்து வெளியே போனான்.

முதலில் பேசியது ஆண்ட்டி ரெமி. தட்டைக் கீழே வைத்துவிட்டு நீளமாக மூச்சு விட்டார். “கின் உன் பேரச் சொன்ன நாள்லேந்து எனக்குத் தூக்கம் இல்லம்மா. சொல்லவும் முடியாது, சொல்லாம இருக்கவும் முடியாது. எனக்கு பிரஷர் வேற.”

துன் இசித்ரோ எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தடியின் பிடியைத் தேய்த்தார்.

“இன்னிக்கு நான் கேக்கல,” என்றார். “இந்த மாதிரி ஒரு பேச்சு நடந்த அன்னிக்கே கேட்டா, அவசரத்துல கேட்டதா ஆயிடும். பையனும் வெளிய போயிட்டான். இன்னொரு நாள் வரோம்.” பிறகு அம்மாவைப் பார்த்து, “கோழி நல்லா இருக்கு,” என்றார்.

அம்மா அழாமல் அலுமினியத் தாளில் மிச்சச் சாப்பாட்டைப் பொதிந்தாள். எங்கள் ஊரில் அந்தப் பொதியை வாங்காமல் போனால் உறவு முறிந்தது என்று அர்த்தம். ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்கள். ஆண்ட்டி ரெமி இரண்டு வாங்கினார். அம்மா அந்த ஒரு ஆறுதலை மட்டும் பிடித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். வண்டிகள் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

“அடுத்த ஞாயிறு பூசைக்கு நான் எந்த வாசல் வழியா உள்ள போவேன்? அதச் சொல்லு.”

நானும் அதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

அடுக்களையில் நினா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். முதுகைத் திருப்பாமல் ஈரக் கையை நீட்டினார். உறையைக் கொடுத்தேன். நான்காகக் கிழித்துக் கோழி எலும்புகளுக்கு அடியில் போட்டார்.

“நாளைக்கு எட்டு மணிக்கு வா,” என்றார். “எட்டேகாலுக்கு இல்ல.” அதற்குப் பிறகு பல நாள் அவர் என்னை நேராகப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை.

கின் போயிருக்கவில்லை. வேலியருகே தன் வண்டியில் சாய்ந்து நின்றான். ஏணியை மட்டும் இறக்கி வைத்திருந்தான்.

“ஒவ்வொரு தடவை கூப்பிட்டப்பவும் பதில் சொன்ன,” என்றான்.

“ஆமா.”

“ஒரு தடவைகூட நாக்கு கூசலையா?”

“எல்லாத் தடவையும் கூசிச்சு. அதான் சட்டுனு பதில் சொன்னேன்.”

அவன் ஏணியில் கால் வைக்கப் போனான். நான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். நான்தான் கழற்ற வேண்டும் என்றேன். அவன் ஒதுங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

புயலுக்கே அசையாத அம்மாவின் முடிச்சுகள். நகம் உடைந்தது. பல்லால் கடித்தேன். கீழேயிருந்து கின் இடுக்கியை நீட்டினான். நான்காவது முடிச்சில் இருக்கும்போது எதிர்வீட்டு அங்கிள் தன் டிரக்கை நிறுத்தி, “என்ன சிபிஏ, பெருசா வேற அடிக்கப் போறீங்களா?” என்று கேட்டார்.

“நான் இன்னும் சிபிஏ ஆகல, அங்கிள். தப்பாக் கட்டிட்டோம். ஏப்ரல் கடைசி ஆகும்.”

அவர் என்னையும் கின்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஓ,” என்று மட்டும் சொல்லிக் கிளம்பினார். என் முகம் கழுத்துவரை எரிந்தது. இன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

கடைசி முடிச்சு அறுந்தது. பேனர் புல்லில் விழுந்தது, என் படம் மேலே பார்க்க.

“இன்னும் எவ்வளவு பாக்கி?” என்றான் கின்.

“எண்ணூத்து இருபது மணி நேரம்.”

அவன் அதை மனத்துக்குள் கணக்குப் போடுவது போல நின்றான். நான் ஏணி உச்சியிலேயே இருந்தேன். இறங்கினால் அவன் முகத்துக்கு நேராக வர வேண்டும்.

“ரூஃபினா,” என்றான். முதல் முறையாக, முழுப் பெயர். தெரியாத ஊரின் பெயரைப் படிப்பது போல நிதானமாகச் சொன்னான். “கீழ எறங்கு. ஏணி ஆடுது.”

ஏணி ஆடவில்லை. அவன் இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்திருந்தான். என் கால்தான் ஆடிக்கொண்டிருந்தது.