செனாமி, சோஃபி, தண்ணீர் இழுக்காத பம்பு

1.

இந்தக் கதை ஒரு தவறான வணக்கத்திலிருந்து பிறந்தது. அதைச் சொன்னவளே மறுநாள் வந்து, சிரிப்பும் அழுகையுமாக என்னிடம் சொன்னாள். முதல் வரியாக, 'தூனிஸ் நகரின் மேல் மழை...' என்று எழுதினேன். (மழை பெய்யவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2.

பெனின் நாட்டுச் செனாமி தூனிஸில் நீர்ப் பொறியியல் படித்தாள். காலையில் நான்கு மணி நேரம் எங்கள் கால் சென்டரில் வேலை. பிரான்சில் யாருக்காவது வாஷிங் மெஷின் நின்றுபோனால் அழைப்பு எங்களுக்கு வரும். இதில் ஒரு நுட்பம் உண்டு: அங்கே பெயர் ஆளுக்கல்ல, நாற்காலிக்கு. ஏழாம் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் சோஃபி. பக்கத்தில் நான் ஜூலியான். கேள்விகளை ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டும்: முதலில் மின்சாரம், பிறகு தண்ணீர், கடைசியில் கதவு. நான்கு நாள் கேட்டால் நாக்கு தானாகவே கேட்கத் தொடங்கிவிடும்.

3.

கதைக்கு வில்லன் வேண்டுமே என்று மேற்பார்வையாளர் ஹயாத்தைக் கொடுமைக்காரியாக்கப் பார்த்தேன். 'விடுப்பெல்லாம் கிடையாது என்று ஹயாத் சீறி...' வாக்கியம் அங்கேயே படுத்துவிட்டது. செனாமிக்கு ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு இருந்த காலையில் நடந்ததே வேறு. தோற்றால் அவளுடைய வதிவிட அனுமதி முடிந்துவிடும். ஊர் திரும்ப வேண்டியதுதான்.

"அக்கா, இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருக்கு."

"இருக்கட்டும்டி. சோஃபி வேலைய நான் பாத்துக்கறேன், ஓடு. ஏய், ஹெட்போன கழட்டு! அதோடயே போய் நிக்கப்போற!"

(காதில் இருந்ததைக் கழற்றினாள். நாக்கில் இருந்ததைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.)

4.

மூன்று தேர்வாளர்கள். நடுவில் பேராசிரியர் லஸாத். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. செனாமி எழுந்து நின்று வாய் திறந்தாள்.

"வணக்கம், நான் சோஃபி. உங்களுக்கு என்ன பிரச்சினை, சொல்லுங்க?"

ஒருவர் இருமினார். லஸாத் மெதுவாக நிமிர்ந்தார்.

"எங்க தோட்டத்துல பம்பு தண்ணி இழுக்க மாட்டேங்குதும்மா."

அவளை முந்திக்கொண்டு அவள் நாக்கு கேட்டது: "மோட்டார் ஓடுற சத்தம் கேக்குதா சார்?"

"கேக்குது."

"அப்ப கரண்ட் இருக்கு. உறிஞ்சுற குழாய்ல எங்கயோ காத்து புகுது. மூட்டு மூட்டா பாத்துடலாம், வாங்க."

குழாய்க்குள் புகும் காற்றைப் பற்றியதுதான் அவளுடைய ஆய்வும். இருபது நிமிடத்தில் மொத்த ஆய்வும் கேள்வி கேள்வியாக வெளியே வந்தது. தேறிவிட்டாள்.

5.

லஸாத் ஏன் அப்படிக் கேட்டார்? இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் கேலி செய்கிறார். அந்தக் கேலியையே பிடித்துக்கொண்டு அவள் கரையேறுகிறாள். மற்றதில், விழுந்தவளுக்குக் கைகொடுக்கிறார். இரண்டையும் படித்துக் காட்டினேன்.

"எதும்மா சரி?"

"தெரியலண்ணே. ரிசல்ட் சொன்னதும் அவர் பின்னாடியே ஓடி நன்றி சொன்னேன். 'எதுக்கு?'ன்னு கேட்டாரு."

அவள் சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. பேராசிரியர் வாசற்படியில் நிற்கிறார், கையில் பை, அடுத்த வகுப்புக்கு நேரமாகிறது. அதிக நேரம் காத்திருக்க மாட்டார். சீக்கிரம், எதற்கு நன்றி என்று நீங்கள் சொல்லுங்கள்.